எட்டு முனைக் கொம்புக்கு எந்த நிலை?

சான் அன்டோனியோ, டெக்சாஸ்
8.12.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது.  

நீ சுட்ட மானின் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பக்கத்துக்கு நாலாக எட்டு முனை. இடக்கொம்பில், புருவத்துக்கு மேலே எழும் முதல் முனை மட்டும் நுனி முறிந்திருக்கிறது. கழுத்து நன்றாகப் புடைத்திருக்கிறது. முதல் மானே இப்படி அமைவது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வாழ்த்துகள்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தலையைப் பாடம் பண்ணும் சமாச்சாரத்தில் அளவு, திருப்பம், காது, கண் என்று சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். பாடம் பண்ணுகிறவரிடம் பேசப் போகும்போது கையில் இருக்கட்டும் என்றுதான் எழுதி அனுப்புகிறேன்.

போன வாரம் உன் அம்மா கூப்பிட்டாள். “மானைச் சுட்டது போதாதென்று தலையை வேறு சுவரில் மாட்டப் போகிறானாமே, நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?” என்று ஒரே புலம்பல். கறி ஐம்பது பவுண்டுக்குக் குறையாமல் தேறியிருக்கிறது, ஒரு துண்டுகூட வீணாகவில்லை, அங்கே விஸ்கான்சினில் மான்கள் பெருகிக் கிடப்பதால் அரசாங்கமே ஆண்டுதோறும் அனுமதி கொடுத்து வேட்டையை நடத்துகிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். “கறி சரி, தலை எதற்கு?” என்றாள். கேள்வி நியாயமானதுதான். அந்தத் தலை சும்மா சுவரை அடைத்துக்கொண்டிருந்தால் அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. நீ பார்த்த அந்த மானைப் பார்க்கிறவர்களுக்கும் காட்டினால்தான் அது அங்கே இருப்பதற்குப் பொருள் உண்டு. கீழே நான் சொல்லப்போவது எல்லாம் இதை வைத்துத்தான்.

கடைக்காரரின் கேட்டலாக்கிலிருந்து மூன்று படம் எடுத்து அனுப்பி, இதில் எது அழகு என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வி கடைசியில் வரட்டும். முதலில் சுவரைப் பார். அடுத்து தோல் எவ்வளவு இருக்கிறது என்று பார். அப்புறம் அந்த மானை நீ கடைசியாக எப்படிப் பார்த்தாய் என்று யோசி. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கேட்டலாக்கில் புரட்ட வேண்டிய பக்கம் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

சுவரிலிருந்து தொடங்குவோம். உன் அபார்ட்மெண்டில் கூரை எட்டு அடி. தோளோடு சேர்த்துப் பாடம் பண்ணும் தலையை, அதாவது ஷோல்டர் மவுண்டை, மாட்டினால் நெஞ்சின் அடிப்பாகத்திலிருந்து கொம்பு நுனி வரை மூன்று அடி சாதாரணமாக வந்துவிடும். தலையை நிமிர்த்தி வைக்கிற அப்ரைட் நிலையில் அதைவிடக் கூடுதலாகவே வரும். கொம்பு கூரையில் இடிக்கக் கூடாதென்று கீழே இறக்கினால் நடந்து போகிறவன் தோள் மானின் நெஞ்சில் உரசும். உயரமான கூரை போட்ட வேட்டை விடுதிகளுக்கு அப்ரைட் எடுப்பாக இருக்கும். உன் வீட்டுக்குச் சரிப்படாது. கேட்டலாக்கில் உனக்கு முதலில் பிடித்த படம் அதுதான் என்று தெரியும். அதை விட்டுவிடு.

தலை தாழ்ந்த நிலைகள் இரண்டு. முதுகின் கோட்டுக்குச் சற்று மேலே தலை நிற்பது செமி ஸ்னீக். முதுகின் மட்டத்துக்கோ அதற்கும் கீழேயோ தலையை இறக்கி, கழுத்தை முன்னால் நீட்டுவது ஃபுல் ஸ்னீக். உயரம் மிச்சமாகும், ஆனால் அந்த மிச்சத்தைச் சுவரிலிருந்து வெளியே நீட்டி வசூலித்துக்கொள்ளும். செமி ஸ்னீக்குக்கே சுவரிலிருந்து ஏறக்குறைய இரண்டு அடி ஒதுக்க வேண்டும். ஃபுல் ஸ்னீக் இன்னும் நீளும். அகன்ற கொம்புக்கு அது அருமையான நிலை, நேர் எதிரே நின்று பார்த்தால் கொம்பின் விரிவு முழுதும் தெரியும். உன் மானின் கொம்பு அகலத்தைவிட உயரம்தான் அதிகம். அதனால் ஃபுல் ஸ்னீக்கில் உனக்குப் பெரிய லாபம் இல்லை. சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே நடக்கிற வழியும் குறுகிப்போகும்.

அடுத்தது திருப்பம். வரவேற்பறைச் சுவரில், எதிரே நின்று பார்த்தால் இடது ஓரத்தில், ஜன்னலை ஒட்டி மாட்டப் போவதாகச் சொன்னாய். அப்படியானால் மான் அறைக்குள் பார்க்க வேண்டும், மூலையைப் பார்க்கக் கூடாது. இங்கே ஒரு நண்பர் வீட்டில் நல்ல பத்து முனை மான் ஒன்று இருக்கிறது. வருகிறவர்களுக்குப் பின்கழுத்தைக் காட்டிக்கொண்டு சுவர் மூலையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். செலவு பண்ணியும் பிரயோஜனம் இல்லை. கடையில் இடம், வலம் என்று சொல்வது எல்லாம் மானின் இடம், மானின் வலம். எதிரே நிற்கிற உனக்கு அது தலைகீழ். உன் சுவரின் இடது ஓரத்தில் இருக்கும் மான் அறைக்குள் பார்க்க வேண்டுமானால் அது தன் இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஆர்டர் சீட்டில் ‘இடத்திருப்பம்’ என்று எழுதினால் மட்டும் போதாது, ஓர் அம்புக்குறியும் போட்டுக்கொடு.

இடத்திருப்பத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. தலை இடப்பக்கம் திரும்பினால் நேர் எதிரே நிற்பவனுக்கு வலக் கன்னமும் வலக்கொம்பும் முன்னால் வரும். முனை முறிந்த இடக்கொம்பு சற்றுப் பின்வாங்கி நிற்கும். மறைந்துபோகாது, ஆனால் அதுவே முதலில் கண்ணில் படாது. அந்த முனையை ரெசின் வைத்து ஒட்டிச் சரிசெய்து தருவதாகக் கடைக்காரர் சொல்லக்கூடும். வேண்டாம் என்று சொல்லிவிடு. நவம்பர் மாதம் வேறொரு ஆண் மானோடு மோதியதில் முறிந்திருக்கும். அது அந்த மானின் சொந்தக் கதை, நாம் ஒட்டுப்போட வேண்டியதில்லை.

இப்போது தோல். நல்ல வேளை, முன்னங்கால்களுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி, உடம்பைச் சுற்றி அறுத்திருக்கிறாய். தொண்டையில் கத்தி வைக்கவில்லை. அடிபட்ட மானின் கழுத்தை அறுத்து இரத்தம் வடிப்பது சிலரின் பழக்கம். அப்படி அறுத்துவிட்டால் தையல் போட்ட இடம் தொண்டையின் முன்பக்கமே தெரியும், மறைப்பது பெரிய பாடு. உறைபனிக் குளிரில் சுட்டதாலும் அன்றைக்கே தோலை உரித்துக் குளிரூட்டியதாலும் முடி உதிரும் ஆபத்து குறைவு. இங்கே டெக்சாஸில் நவம்பரில்கூட மதியம் வெயில் ஏறிவிடும். தோல் சில மணி நேரம் சூடாகக் கிடந்தாலே பாக்டீரியா வேலையைக் காட்டி, காதுப் பக்கமும் கண் ஓரமும் முடி கொத்துக் கொத்தாகக் கழன்றுவிடும்.

தோல் தாராளமாக இருப்பதால் வால் பெடஸ்டல், அதாவது சுவர் பெடஸ்டல், என்ற வகையையும் கடைக்காரர் சொல்வார். சுவரிலிருந்து மான் பக்கவாட்டில் திரும்பி வெளியே வருவது போல, ஒரு பக்கத் தோளும் முதுகின் ஒரு பகுதியும் சேர்ந்து தெரியும். பார்க்க உயிரோட்டமாகத்தான் இருக்கும். கூலி கூடும், இடமும் அதிகம் வேண்டும். தரையில் நிறுத்தும் பெடஸ்டலோ சுற்றி வந்து பார்க்கும்படி அறையின் நடுவில் வைப்பது. முழு உருவம் பண்ணுவது அரண்மனைக்காரர் வேலை. மூன்றும் இப்போது உனக்கு வேண்டாம். சொந்த வீடு வாங்கிய பிறகு யோசிக்கலாம்.

அந்தக் காலத்தில் மான் தலையைப் பாடம் பண்ணுவது என்றால் தோலுக்குள் வைக்கோலும் மரத்தூளும் அடைத்துத் தைப்பதுதான். அதனால்தான் பழைய ஜமீன் பங்களாக்களில் சில தலைகள் கன்னம் உப்பி, கண் பிதுங்கி இருக்கும். அந்த முறையை மாற்றியவர்களில் முக்கியமானவர் கார்ல் ஏக்லி. அவர் வேலை பார்த்த ஊர் உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1890இல் மில்வாக்கி மியூசியத்தில் கஸ்தூரி எலிகளை அவற்றின் நீர்நிலை வாழ்க்கையோடு அப்படியே காட்சிப்படுத்தினார். பிறகு சிக்காகோவின் ஃபீல்ட் மியூசியத்துக்காக, நீ சுட்ட அதே வெள்ளைவால் மானை நான்கு பருவங்களில், நான்கு காட்சிகளாக அமைத்தார். அது 1902இல் அந்த மியூசியத்துக்கு வந்தது. முதலில் களிமண்ணில் தசையும் எலும்பும் தெரியும்படி உருவத்தைச் செதுக்குவார். அதிலிருந்து அச்சு எடுத்து, எடை குறைந்த உள்ளுருவம் செய்து, அதன்மேல் பதனிட்ட தோலைப் போர்த்துவார். காட்சிகளில் உள்ள ஆயிரக்கணக்கான மெழுகு இலைகளில் அவர் மனைவி டீலியாவின் உழைப்பு பெரிது. நம் பக்கம் மைசூரில் வான் இங்கன் குடும்பத்தார் 1900 வாக்கில் தொடங்கி 1999 வரை நடத்திய பட்டறையிலும் அச்சில் வார்த்த காகிதக்கூழ் உருவங்கள்மேல்தான் புலியையும் சிறுத்தையையும் பாடம் பண்ணினார்கள். ராஜாக்களும் வெள்ளைக்காரர்களும் அங்கேதான் வரிசையில் நின்றார்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சிக்காகோ போய் அந்த நான்கு காட்சிகளையும் பார்த்துவிட்டு வா. கோடையில் செம்பழுப்பாக இருக்கும் அதே மான் குளிர்காலத்தில் சாம்பல் பழுப்பாக, முடி தடித்து நிற்பதைப் பார். பருவத்துக்குப் பருவம் உடம்பு எப்படி மாறுகிறது என்பது அங்கே தெரியும். இதைக் கண்ணால் பார்த்தவனைக் கேட்டலாக்கை வைத்து ஏமாற்ற முடியாது.

ஏன் இதை இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், இப்போது உள்ளுருவத்தை யாரும் செதுக்குவதில்லை. ஃபோமில் வார்த்த ஃபார்ம் ரெடிமேடாகக் கிடைக்கிறது, அளவு சொல்லி வரவழைக்கிறார்கள். கண்ணின் முன்மூலையிலிருந்து மூக்கு நுனி வரை ஓர் அளவு. காதுக்குப் பின்னால் கழுத்தின் சுற்றளவு இன்னொன்று. உங்கள் விஸ்கான்சின் மானுக்கு முகம் ஏழிலிருந்து ஏழரை அங்குலம் இருக்கும், இணைசேரும் காலத்தில் கழுத்து பதினெட்டு, இருபது அங்குலம் என்று போகும். இங்கே லானோ பக்கத்து மலைக்காட்டு மான் எல்லாவற்றிலும் சிறியது. கடைக்காரர் கையிருப்பில் இருக்கிற ஃபார்மை எடுத்து, தோலை இழுத்தோ சுருக்கியோ மாட்டினால், அளவெடுக்காமல் தைத்த சட்டையின் கதைதான். சிறிய மானுக்குத் தடித்த கழுத்து வைத்துப் பெரிதாகக் காட்டும் வித்தையும் உண்டு. “என் மானின் அளவுக்கே ஃபார்ம் போடுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்.

இனி நிலை. அன்றைக்கு நீ போனில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெட்டை மான் போன தடத்தை முகர்ந்துகொண்டு, தலையைத் தாழ்த்தி, காட்டோரமாக வந்தது என்றாய். பாதி வழியில் நின்று, தலையை மட்டும் லேசாகத் தூக்கிக் காற்றை மோந்தது என்றாய். இதைவிடத் தெளிவாகச் செமி ஸ்னீக்கை யாரும் விவரிக்க முடியாது. நவம்பரில் ஆண் மானின் கழுத்து புடைத்திருப்பது இந்த நிலையில்தான் நன்றாகத் தெரியும். அப்ரைட்டில் அதே கழுத்தை நிமிர்த்தினால் மான் ஏதோ சத்தம் கேட்டு மிரண்ட மாதிரி ஆகிவிடும். உன் மான் மிரளவில்லை. நீ அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது.

காதையும் அதற்கு ஏற்றபடி வைக்கச் சொல். இரண்டு காதும் முன்னால் விறைத்து நின்றால் எச்சரிக்கை. இரண்டும் பின்னால் மடிந்திருந்தால் சண்டைக்குத் தயார். தடத்தை முகர்ந்து போகிற மானுக்கு ஒரு காது முன்னும் மற்றது பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ இருப்பது இயல்பு. எந்தக் காது எந்தப் பக்கம் என்று அவரிடமே கேள். யோசிக்காமல் பதில் சொன்னால் அவர் மானை உயிரோடு கவனித்தவர்.

கண்ணில்தான் நல்ல கையும் சாதாரணக் கையும் பிரியும். மானின் பாவை வட்டமாக இருக்காது, படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். தலை தாழ்ந்தாலும் நிமிர்ந்தாலும் அந்தப் பாவை தரைக்கு இணையாகவே இருக்க வேண்டும். கண்ணாடிக் கண்ணைத் தலையின் சாய்வோடு சேர்த்து வைத்துவிட்டால் மான் மயக்கத்தில் இருப்பது போல் ஆகிவிடும். கண்ணுக்கு முன்னால், மூக்குப் பக்கம் சரிந்து ஒரு பள்ளம் இருக்கும், மணச்சுரப்பி இருக்கும் இடம். கை தேர்ந்தவர் அதை ஆழமாக உள்ளே மடித்துப் பதித்திருப்பார். மற்றவர் மண்ணைப் பூசிச் சமப்படுத்தியிருப்பார். மேல் இமை தடித்துக் கண்ணின் மேல் சற்றுக் கவிந்திருக்க வேண்டும், முழுக்கண்ணும் திறந்திருந்தால் அதிர்ச்சி அடைந்த முகம்தான். மூக்கில் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும் இயற்கையான அமைப்பு தெரிய வேண்டும், கறுப்பு பெயிண்ட் பளபளக்கக் கூடாது. கடைக்குப் போனால் பெரிய கொம்பு எது என்று தேடாதே. நாலைந்து தலைகளின் கண்ணுக்கு நேரே போய் நின்று இவற்றைப் பார். மின்விளக்கை அணைக்கச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் இன்னும் நல்லது.

தோலைப் பதனிடுகிறாரா, அல்லது பொடி தடவிக் காயவைத்து மாட்டுகிறாரா என்றும் கேட்டுக்கொள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பார்த்து வளர்ந்த நமக்குப் பதனிடுதலின் அருமை தெரியும். பதனிட்ட தோல் பிற்பாடு அவ்வளவாகச் சுருங்காது, தையல் விரியாது, உதடும் இமையும் இழுத்துக்கொள்ளாது. பொடி தடவும் முறையிலும் நன்றாகச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் நான் பதனிட்டதையே கேட்பேன்.

கூலி ஊருக்கு ஊர் மாறும். ஷோல்டர் மவுண்டுக்கு 600 டாலரிலிருந்து 800, 900 வரை கேட்கிறார்கள். பாதி முன்பணம். கையில் கிடைக்க எட்டு மாதமோ ஒரு வருடமோ ஆகும். மே மாதம் உன் அம்மா அங்கே வரும்போது தலை கடையில்தான் இருக்கும், அதுவரை உனக்குச் சண்டை மிச்சம். அவசரப்படுத்தாதே. மூன்று வாரத்தில் தருகிறேன் என்பவரிடம் போகவே போகாதே.

ரசீது வாங்க மறக்காதே. உன் வேட்டை அனுமதி எண், மானைப் பதிவு செய்த எண், முகவரி, எந்த ஃபார்ம், எந்தத் திருப்பம், எல்லாம் அதில் இருக்கட்டும். இதை வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்லவில்லை. உங்கள் மாநிலத்திலேயே, டான்பரி என்ற ஊருக்கு அருகில், 1914இல் ஜேம்ஸ் ஜோர்டான் என்பவர் ஒரு பிரம்மாண்டமான மானைச் சுட்டார். தலையைப் பாடம் பண்ணக் கொடுத்தார். வாங்கியவர் ஊரைவிட்டே போய்விட்டார், தலையும் போயிற்று. ஐம்பது ஆண்டுகள் கழித்து மினசோட்டாவில் ஒரு பழைய சாமான் விற்பனையில் அந்தக் கொம்பு வேறொருவர் கைக்கு வந்தது. அளந்து பார்த்தால் உலக சாதனை, 206 1/8 புள்ளி. அது என் மான் என்று ஜோர்டான் சொன்னதை நிரூபிக்கவே பல ஆண்டுகள் ஆயின. 1978இல், வேட்டைச் சாதனைப் பட்டியலை வைத்திருக்கும் பூன் அண்ட் கிராக்கெட் கிளப் அவர் பெயரை ஏற்றுக்கொண்டபோது அவர் உயிரோடு இல்லை. நம் எட்டு முனைக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது, வெள்ளைவால் மானுக்கு அங்கே நிரந்தரப் பட்டியலின் குறைந்தபட்சமே 170. ஆனாலும் உனக்கு அது உலக சாதனைதான். ரசீதைப் பத்திரமாக வை.

உன் வீட்டுக்காரி என்ன சொல்கிறாள் என்று நீ எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை. இரண்டு பேரும் உட்காருகிற அறையில் கண்ணோடு ஒரு முகம் இருக்கப்போகிறது. அவளுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் யூரோப்பியன் மவுண்ட் பண்ணிவிடு. தோலும் கண்ணும் இல்லாமல், வெளுத்த மண்டையோடும் கொம்பும் மட்டும் பலகையில் இருக்கும். இதில் நான் எந்தக் குறையும் காணமாட்டேன். கொம்பின் வடிவம் இதில்தான் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். கூலியும் நூற்றைம்பது டாலர் பக்கம் முடிந்துவிடும், எடை குறைவு, இடமும் அடைக்காது. சிலர் தோல்வண்டுகளை விட்டுச் சதையைத் தின்னவைத்துச் சுத்தம் பண்ணுவார்கள், எலும்பின் நுணுக்கம் அப்படியே நிற்கும். வீட்டில் நீயே செய்வதானால் தண்ணீரை மெல்லச் சூடாக்கி வை, தளதளவென்று கொதிக்கவிட்டால் மூக்கெலும்பு பிரிந்துவிடும். வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும். துணி வெளுக்கும் குளோரின் பிளீச்சைத் தொடாதே, எலும்பைப் பொடியாக்கிவிடும். பெராக்சைடு கொம்பில் படாமல் பார்த்துக்கொள், பட்ட இடம் நிறம் போய்விடும்.

ஒன்று கேட்டிருந்தாய், தலையை எனக்கு அனுப்பினால் இங்கே என் ஆளிடம் கொடுக்க முடியுமா என்று. முடியாது. விஸ்கான்சினில் மான்களை அரித்துக் கொல்லும் சி.டபிள்யூ.டி. என்ற நோய் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது. டெக்சாஸிலும் 2012இல் வந்துவிட்டது. மூளையும் முதுகுத்தண்டும் ஒட்டிய தலையை அப்படிப்பட்ட இடத்திலிருந்து மாநிலம் தாண்டிக் கொண்டுவரச் சட்டம் விடாது. சுத்தம் செய்த மண்டைத் தகடும் கொம்பும், பாடம் பண்ணி முடித்த தலையும் வரலாம். அங்கேயே செய்துகொள். தலையைக் கையாளும்போது கையுறை போட்டுக்கொள். நோய்ப் பரிசோதனைக்கு உங்கள் மாநில அரசு காசு வாங்குவதில்லை. முடிவு வரும்வரை கறியில் கைவைக்காமல் இரு. பரிசோதனைக்குத் தொண்டைப் பக்கத்து நிணநீர்க் கட்டிகளை எடுக்கும்போது தோல் கிழியாமல் எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவை.

மதுரை வீட்டில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று விளையாட்டாகச் சொன்னாயே, அந்த எண்ணம் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பரம்பரையாக வந்த மான் தலைக்கே சான்றிதழ் கேட்கிறார்கள். வயதான காலத்தில் உன் அப்பா வனத்துறை அலுவலகத்துக்கு நடக்க வேண்டாம்.

மாட்டிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆணி வெறும் ஷீட்ராக்கில் ஏறக் கூடாது, உள்ளே இருக்கும் மரச்சட்டத்தில் ஏற வேண்டும். தலை பதினைந்து, இருபது பவுண்டு இருக்கும். நேர் வெயில் முடியின் நிறத்தை வெளுக்கும், நீ சொன்ன ஜன்னலுக்குத் திரை போடு. கணப்பு அடுப்புக்கு மேலே மாட்டாதே, வெப்பத்தில் தோல் வெடிக்கும். முடி படிந்திருக்கும் திசையிலேயே மெல்லிய துணியால் தூசி தட்டு. அந்துப்பூச்சி வருகிறதா என்று காதுக்குப் பின்னால் அவ்வப்போது பார். இன்னொன்று, கிறிஸ்துமஸுக்குக் கொம்பில் விளக்குச்சரம் சுற்றுவது, தலையில் தொப்பி மாட்டுவது, வாயில் சிகரெட் செருகிப் போட்டோ எடுப்பது, இந்தக் கூத்தெல்லாம் உன் வீட்டில் நடக்கக் கூடாது. உன் நண்பர்களிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடு. உயிரை எடுத்தவனுக்கு அந்த மரியாதை தெரிந்திருக்க வேண்டும்.

சுருக்கமாக என் முடிவு இது. உன் மனைவி சம்மதித்தால் செமி ஸ்னீக். இடத்திருப்பம். ஒரு காது முன்னே, ஒன்று பின்னே. வாய் மூடியிருக்கட்டும். முறிந்த முனை முறிந்தபடியே. பதனிட்ட தோல், மானின் சொந்த அளவில் ஃபார்ம். அவள் சம்மதிக்கவில்லை என்றால் மறுபேச்சுப் பேசாமல் யூரோப்பியன் மவுண்ட், தோலைத் தனியே பதனிட்டு வாங்கிக்கொள். எதுவானாலும் அவளையும் கடைக்கு அழைத்துப் போய், அவள் எதிரிலேயே முன்பணம் கட்டு.

 கடைக்காரர் என்ன சொன்னார் என்று பதில் எழுது.

அன்புடன்,
மாமா